ஹாஜியார் வீட்டு ஜீப்பின் கோணல் ஸ்டீரிங்

இறால் தீவனத்தின் நாற்றமும் பெட்ரோல் வாசனையும் கலந்தால் என்ன வருமென்று யாராவது கேட்டால், பள்ளிக்கூட வாசனை என்றுதான் நான் சொல்வேன். காலையில் வரிச்சிக்குடி நிறுத்தத்தில் ஏறி, தார்ப்பாய்க் கூரை போட்ட அந்தப் பழைய ஜீப்பின் முன் இருக்கையில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், காரைக்காலில் இறங்கும்போது என் சீருடை, பின்னல், மதியச் சோற்று டப்பா எல்லாவற்றிலும் அந்த வாசனைதான் இருக்கும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் மூக்கைச் சுளிப்பார்கள். "நான் ஜீப்புல வர்றேன், நீங்க பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நான் நிமிர்ந்து உட்காருவேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஊர்ப்பலகைகளில் எழுத்துக்களின் வடிவம் பழக்கம், அம்மாவுக்கு அதுவும் இல்லை. அதைச் சொல்வதில் எனக்கு அப்போதும் கூச்சம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

ஜீப் எங்களுடையது இல்லை. காரைக்காலில் பல தலைமுறையாக வியாபாரம் செய்துவந்த ஒரு குடும்பத்துக்கு உரியது; அந்த வீட்டுப் பெரியவரை ஊரே "ஹாஜியார்" என்றுதான் கூப்பிடும். ஏதோ அரசாங்க ஏலத்தில் அவர் எடுத்த வண்டி அது. கடற்கரையை ஒட்டிய உவர் நிலத்தில் அவருக்கு இறால் குட்டைகள் இருந்தன. மழை பெய்தால் அந்தப் பாதையில் மாட்டு வண்டிகூடச் சிக்கிக்கொள்ளும் என்பதால், நான்கு சக்கரமும் இழுக்கிற அந்தக் கிழட்டு வண்டியை அவர் விற்காமல் வைத்திருந்தார். என் அப்பா கலியபெருமாள் அதன் டிரைவர். விடியற்காலையில் சைக்கிள் மிதித்து காரைக்காலுக்குப் போய் ஜீப்பை எடுப்பார், தீவன மூட்டைகளோடு குட்டைக்குப் போவார், திரும்பும் வழியில் என்னை ஏற்றிக்கொண்டு பள்ளியில் விடுவார். நாற்றுப் பறித்துக் கட்டும் கூலியாட்களின் மகனாகப் பிறந்து ஸ்டீரிங் பிடித்த முதல் ஆள் அவர். அதனால் எங்கள் வீட்டில் "முதல் ஆள்" இரண்டு பேர்.

அந்த ஜீப்புக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது: "கோணல் வண்டி." சாலையில் வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது அதன் ஸ்டீரிங் மட்டும் வலது பக்கம் திரும்பியபடியே நிற்கும். ஸ்டீரிங் வளையத்தின் நடுவிலிருந்து மூன்று கம்பிகள் போகும். மற்ற வண்டிகளில் இரண்டு கம்பி பக்கத்துக்கு ஒன்றாகச் சமமாக நிற்கும், மூன்றாவது கீழ்நோக்கி இருக்கும். எங்கள் ஜீப்பில் இடது கம்பி மேலே ஏறிவிட்டிருக்கும், வலது கம்பி அப்பாவின் தொடைப் பக்கமாகத் தாழ்ந்து கிடக்கும். அந்தத் தாழ்ந்த கம்பியில் மட்டும் கறுப்பு வண்ணம் தேய்ந்து இரும்பு பளபளக்கும். டீக்கடையில் நிறுத்தினால், "என்னா கலியபெருமாளு, வண்டி போற பக்கம் நீ பாக்குறியா, நீ பாக்குற பக்கம் வண்டி போவுதா?" என்று யாராவது கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே டீ கிளாஸை வாங்குவார். இடது கையால்.

அது ஏன் இடது கை என்பது எங்கள் மூன்று பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பெய்த ஒரு பிற்பகலில் ஹாஜியாரின் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், ஆட்டோ எதுவும் வரவில்லை. ஜீப்பின் பேட்டரி செத்துக் கிடந்தது. பழைய வண்டியாதலால் முன்னால் கைப்பிடிக் கம்பியைச் செருகிச் சுற்றி இன்ஜினைக் கிளப்ப வழி உண்டு. அப்பா ஷெட்டில் தனியாக நின்று சுற்றியிருக்கிறார். இன்ஜின் பிடிக்கிற மாதிரி பிடித்துப் பின்னுக்கு உதைத்தது, கைப்பிடி திரும்பி வந்து அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தது. உடைந்தது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இருந்தும் அடுத்த சுற்றை இடது கையால் சுற்றிக் கிளப்பி, அந்த அம்மாளையும் ஹாஜியாரையும் ஏற்றி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் கை வாழைத்தண்டு போல வீங்கியிருந்தது. மறுநாள் பக்கத்து ஊரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவரிடம் போய்க் கட்டிக்கொண்டார். ஹாஜியார் வீட்டில், சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார். கட்டு அவிழ்த்த பிறகு எலும்பு கூடியிருந்தது, ஆனால் கூட வேண்டிய விதத்தில் கூடவில்லை. உள்ளங்கையை மேலேயும் கீழேயும் திருப்ப முடியவில்லை. விரல்கள் பாதிதான் மடங்கின. ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடிக்கலாம், பிழிய முடியாது.

கார் ஓட்டாதவர்களுக்கு இதில் என்ன இடைஞ்சல் என்று புரியாமல் போகலாம். நம் வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார், கியர் அவருடைய இடக்கைப் பக்கம் இருக்கிறது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இடது கை ஸ்டீரிங்கை விட்டுவிடுகிறது, அந்த நேரம் முழு வண்டியையும் தாங்குவது வலது கை மட்டும். பழைய ஜீப்பின் ஸ்டீரிங் வேறு மாவாட்டுகிற கல் மாதிரி கனக்கும். கட்டு அவிழ்த்துப் போய் வேலையில் சேர்ந்த அந்த முதல் நாட்களில் அப்பா எப்படி ஓட்டினாரென்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவார் என்பது மட்டும் தெரியும்.

அப்போதுதான் ஸ்டீரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனை தேய்ந்துபோய், அதை ஒரு மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். கம்பியின் நீளத்தை அவர் சரியாக வைக்கவில்லை. "ஓட்டிப் பாத்துட்டு நாளைக்கு வாங்க, ஸ்டீரிங்க நேராக்கித் தர்றேன்" என்று அனுப்பினாராம். அன்று திரும்பி வரும் வழியில், கோணிக்கொண்டு கீழே இறங்கி நின்ற வலது கம்பியின் அடியில் தன் மணிக்கட்டைக் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளலாம் என்று அப்பா கண்டுபிடித்தார். விரல் மடங்க வேண்டியதில்லை, உள்ளங்கை திரும்ப வேண்டியதில்லை. இடது கை கியருக்குப் போகும்போது மணிக்கட்டு கம்பியைத் தாங்கிக்கொண்டது. மறுநாள் அவர் மெக்கானிக்கிடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

"அம்பகரத்தூர் ஆத்தாதான் கோணலாக்கிக் குடுத்துருக்கா" என்றார் அம்மா. செவ்வாய்க்கிழமைகளில் அந்த அம்மனுக்கு விளக்குப் போட்டார்.

கையை மறைத்து வாழ்வது ஒரு தனி வேலையாக இருந்தது. வண்டிச் சாவியை முதலாளி வீட்டில் யாருக்கும் இடது கையால் நீட்டக்கூடாது. அதனால் அப்பா வாசல் நிலையில் ஆணி அடித்து அதில் மாட்ட ஆரம்பித்தார். ஒருமுறை மறந்து நீட்டிவிட்டார். "ஏம்ப்பா கலியபெருமாளு, சோத்துக்கை என்னா சீமைக்கா போயிருக்கு?" என்று ஹாஜியாரின் மனைவி கேட்டுச் சிரித்தார். அந்தக் கை யாருக்காக உடைந்ததோ அவரே கேட்டார், தெரியாமல். அந்த வீட்டு விசேஷங்களில் பெரிய தட்டைச் சுற்றி நான்கைந்து பேராக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். "சஹன்" என்பார்கள் அதை. டிரைவர், வேலையாள் என்று பாராமல் அப்பாவையும் கைபிடித்து உட்கார வைப்பது ஹாஜியாரின் வழக்கம். வீட்டில் அம்மா உருட்டிக் கொடுக்கும் கவளத்தை எப்படியோ சாப்பிட்டுவிடலாம். ஊரார் நடுவில் ஒரே தட்டில், பாதி மடங்கும் விரல்களிலிருந்து நெய்ச்சோறு சிந்தச் சிந்த எப்படிச் சாப்பிடுவது? அம்மனுக்கு விரதம் என்று சொல்லிவிட்டார். "எத்தனை மாசமாப்பா விரதம்? உங்க சாமி ரொம்ப கடுசு" என்று ஹாஜியார் கேலி செய்தாலும், வேலையாளிடம் சொல்லி அப்பாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்புவார். கறிச்சோற்றின் மணத்தைச் சட்டையில் சுமந்துகொண்டு, வாழைப்பழத்தோடு அப்பா வீட்டுக்கு வருவார்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. வண்டி ஒரு கோழியைக்கூட இடிக்கவில்லை. இதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஹாஜியாரின் மூத்த மகன் சாதிக் துபாயில் ஒரு கம்பெனியில் வண்டிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். அந்த வருடக் கோடையின் தொடக்கத்தில் லீவில் வந்தவர், வந்த மறுநாளே ஜீப்பை எடுத்துக்கொண்டு நாகூர் வரை போய்வந்து, ஷெட்டில் நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். பள்ளி அரை நாளோடு முடிந்து அப்பாவுக்காக நான் அங்கே காத்திருந்தேன்.

"என்னண்ணே இது! வண்டி நாகூருக்குப் போவுது, ஸ்டீரிங் திருநள்ளாத்துக்குப் போவுது?"

"பழகிடுச்சு தம்பி. ஓடுற வண்டி, கை வெக்க வேணாம்."

"ரெண்டு போல்ட்டு வேலைண்ணே இது. வெறும் பாக்குறதுக்குன்னு சொல்லல. கோணலா இருந்தா ஸ்டீரிங் பெட்டி நடுவுல நிக்காது, ஒரு பக்கம் திரும்புற ஒடிப்பு கொறஞ்சிரும். அவசரத்துக்கு ஒடிச்சா வண்டி வராது. அங்கல்லாம் இப்புடி ஒரு வண்டிய கேட்டுக்கு வெளியவே உடமாட்டோம்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. பல வருடம் கழித்து இதைப் பற்றித் தேடிப் படித்தபோது எனக்குத் தெரிந்தது. ஸ்டீரிங்கைக் கழற்றி நேராக மாட்டுவது ஏமாற்று வேலை, அடியில் உள்ள கம்பியின் நீளத்தைத்தான் சரி செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சாய்வு நாற்காலியில் இருந்த ஹாஜியார், "செஞ்சிருங்கப்பா, ஊரே சிரிக்குது" என்றார். மறுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

முன்சக்கரங்களை நேராக நிறுத்தினார்கள். பின் டயரிலிருந்து முன் டயர் வரை நூல் பிடித்து இரண்டு பக்கமும் சாதிக் பார்த்தார். அப்பா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அந்தக் கம்பியின் நடுவில் மரை போட்ட ஒரு குழாய் இருக்கும், அதன் இரு முனையிலும் இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள். பட்டைகளைத் தளர்த்திவிட்டுக் குழாயைத் திருகினால் கம்பி நீளும், அல்லது சுருங்கும். "துருப் புடிச்சிருக்கு தம்பி, அசைய மாட்டேங்குது" என்று அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அந்தக் குரலில் ஒரு நம்பிக்கை இருந்ததை நான் மட்டும் கேட்டேன். சாதிக் ஒரு குவளையில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றச் சொன்னார். கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று உள்ளே போய் எனக்கு ஒரு சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர். பிறகு டிரைவர் இருக்கையில் ஏறி, கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, "ம், திருகுங்கண்ணே" என்றார். இந்த முறை குழாய் அசைந்தது.

யாரும் தொடாமலே ஸ்டீரிங் திரும்பியதை நான் பார்த்தேன். சக்கரங்கள் தரையில் அப்படியே நிற்க, அடியில் அப்பா இடது கையால் திருகத் திருக, மேலே வளையம் மெல்ல மெல்ல ஊர்ந்தது. பளபளத்த அந்த வலது கம்பி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, அப்பாவின் மணிக்கட்டை மாட்ட முடியாத உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம்... இன்னும்... நிறுத்துங்கண்ணே! எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றார் சாதிக். அப்பா வெளியே வந்தார். முகமெல்லாம் துருத்தூள். எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா தம்பி, அழகா இருக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "திரும்ப கோணலாக்கி உட்ருங்களேன், உங்களுக்குத்தான் தெரியுமே" என்பது. சாதிக் தினமும் வண்டியை எடுக்கிறார், தெரிந்துவிடும் என்றார் அப்பா. அவருடைய லீவு முடிந்து அவர் விமானம் ஏறும் வரை சமாளித்துவிட்டால் போதும். ஏறிய அன்றே அடியில் படுத்துத் திருகிவிடலாம். அதுவரைக்கும் என்ன செய்வது? பிறகு அப்பா என்னைப் பார்த்தார்.

"பாப்பா, கியரு எங்கெங்க உழுவுதுன்னு பாத்துருக்கல்ல நீ?"

மறுநாள் முதல் நான் அப்பாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து விடியலிலேயே காரைக்காலுக்குப் போனேன். நிற்கும் வண்டிக்கு முதல் கியரை அப்பாவே போட்டுக்கொள்வார். வண்டி நகர ஆரம்பித்ததும் அவருடைய இடது கை ஸ்டீரிங்கை விடாது. காலால் கிளட்ச்சை மிதித்து "இழு" என்றால் நான் இழுக்க வேண்டும், "தள்ளு" என்றால் தள்ள வேண்டும். முதலில் பல்சக்கரங்கள் கரகரவென்று அலறின. நாலு நாளில் அவர் வாய் திறப்பதற்கு முன்பே, இன்ஜினின் சத்தம் மாறும்போதே என் கை தயாராக இருந்தது. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. ஹாஜியார் ஒருநாள் பின்னால் ஏறிக்கொண்டு வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, லைசென்ஸு வாங்கியாச்சா?" என்று சிரித்தார். "புள்ள ஆசப்படுதுங்க" என்றார் அப்பா.

ஆனால் வண்டிக்கு ஓட்டம் காலையோடு முடிவதில்லை. ஐஸ் கொண்டுபோக வேண்டும், ஆட்களைக் கொண்டுவிட வேண்டும், கடைக்குப் போக வேண்டும். அப்பா வண்டியை எடுக்கும்போதெல்லாம் நானும் வேண்டியிருந்தது. முதலில் முதல் மணி அடித்த பிறகு வகுப்புக்குப் போனேன். பிறகு மதியத்துக்கு மேல் போனேன். பிறகு போகவில்லை. ஒன்பதாம் வகுப்பின் முழுப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வகுப்பாசிரியை கேட்டபோது காய்ச்சல் என்றேன். "ஜீப்புல சுத்துறா மிஸ்" என்று ஒருத்தி எழுந்து சொன்னாள். பள்ளி வாசலைத் தாண்டி ஜீப் போகும்போதெல்லாம் அப்பா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வார். நான் மூன்றாவது கியருக்குத் தள்ளுவேன்.

சாதிக் கிளம்ப இன்னும் சில நாட்களே இருந்தன. அம்மா துபாய் விமானம் எந்தக் கிழமை போகும் என்று விசாரித்து வைத்திருந்தார்.

அன்று காலை குட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வரிச்சிக்குடிக்கு முன்னால் உள்ள வளைவில் வயலுக்குப் போகும் பெண்கள் வரிசையாக ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். அப்பா வேகத்தைக் குறைத்து "இழு" என்றார். இழுத்தேன். கியர் விழுந்த மாதிரி விழுந்து, துள்ளி வெளியே வந்துவிட்டது. இன்ஜின் ஊளையிட்டது. எத்தனையோ வருடப் பழக்கம்: அப்பாவின் இடது கை தானாக ஸ்டீரிங்கை விட்டுவிட்டுக் கியருக்கு வந்தது. என் கை மேல் அவர் கை விழுந்ததை உணர்ந்தேன். அவருடைய வலது கை வளையத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போனதைப் பார்த்தேன். ஜீப் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கமாகப் போனது. எதிரே பஸ்.

பஸ்காரர் பிரேக் அடித்தார். அப்பாவும் அடித்தார். இரண்டு வண்டிகளின் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது. ஊர்களைச் சுற்றிக்கொண்டு காரைக்கால் போகும் பஸ் அது, முழுக்க எங்கள் பள்ளிக்குப் போகும் பெண்கள்.

"யோவ்! புள்ளைய வெச்சு வித்த காட்டுறியா? ஒனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸு குடுத்தான்?" பஸ் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு பாதி உடம்பு வெளியே தொங்கக் கத்தினார். "நீ சாவுறதுன்னா சாவு, அந்தப் புள்ள என்னாய்யா பண்ணிச்சு?"

பஸ் விலகிப் போனது. வயலுக்குப் போன பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் அப்பா என்னைப் பார்க்காமல், "முட்டில ரத்தம் வருது பாரு" என்றார். முன்பலகையில் இடித்திருக்கிறது, எனக்கு வலிக்கவே இல்லை. அங்கிருந்து காரைக்கால் வரை கியரே மாற்றாமல், முதல் கியரிலேயே, இன்ஜின் கதறக் கதற ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டினார்கள்.

ஹாஜியார் முன்கூடத்தில் இருந்தார், சாதிக்கும் இருந்தார். அப்பா சாவியை ஆணியில் மாட்டவில்லை. உள்ளே போய் ஹாஜியாரின் பக்கத்தில் இருந்த முக்காலியில் வைத்தார்.

"இனிமே என்னால ஓட்ட முடியாதுங்க. கை சரியில்ல."

"எந்தக் கைப்பா?"

அப்பா வலது கையை நீட்டினார். சாதிக் எழுந்து வந்து அதைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, மேல்புறமாகத் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. தன்னுடைய ஒரு விரலை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, "இறுக்கிப் புடிங்கண்ணே" என்றார். அப்பா பிடித்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. சாதிக்கின் விரல் அந்தப் பிடியிலிருந்து சும்மா நழுவி வந்தது. சாதிக்கின் முகம் சிவந்துவிட்டது.

"இத வெச்சிக்கிட்டா இவ்வளவு நாளு ஓட்டுனீங்க? எங்க உம்மா ஏறியிருக்காங்க, எம் பொண்டாட்டி ஏறியிருக்கு. இந்தக் கையோடவா?"

"டேய், நிறுத்து" என்றார் ஹாஜியார். பிறகு அப்பாவிடம், தாழ்ந்த குரலில், "சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். "எப்ப ஆனது இது?"

"முன்னாடியே. சைக்கிள்ல உழுந்தேன்ல, அப்ப."

நான் வாசல் தூணருகே நின்றிருந்தேன். உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஹாஜியாரின் மனைவி நிற்பதை அவருடைய வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். அப்பா ஒருமுறை என் பக்கம் திரும்பினார். பேசாதே என்பது அந்தப் பார்வை.

திரும்பும் வழியில் அவர் சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டே வந்தார். ஏன் சொல்லவில்லை என்று நான் அழுதுகொண்டே கேட்டேன். சொல்லியிருந்தால் அந்தக் கோபக்காரர் வாயடைத்துப் போயிருப்பாரே என்றேன்.

"சொன்னா காசு குடுப்பாங்க. அவங்க மனசு அப்புடி. வாங்குனா அது கூலியாப் போயிடும்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்தம்மாவ அன்னிக்கு நான் கூலிக்காகவா அழைச்சிட்டுப் போனேன்?" என்றார். பிறகு, "நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போற. பஸ்ஸுல போ" என்றார்.

மறுநாள் அந்த பஸ்ஸில்தான் போனேன். அதே டிரைவர். என்னை அடையாளம் கண்டுகொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார். பெண்கள் எனக்கு உட்கார இடம் விட்டார்கள். அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

ஹாஜியார் அப்பாவைக் கைவிடவில்லை. குட்டையில் காவலுக்கு வைத்துக்கொண்டார். உவர்க்காற்றில் கீற்றுக் கொட்டகையில், இறால் திருட வருபவர்களை விரட்ட ஒரு டார்ச் விளக்கோடு அப்பா உட்கார்ந்திருந்தார். சம்பளம் இறங்கியது, அம்மா மறுபடி நடவுக்குப் போனார். நான் படித்தேன். மூர்க்கமாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பரீட்சைக்கும் அந்த முதல் கியர் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. சாதிக் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். அப்படியே விட்டிருந்தால், என்றைக்காவது ஒருநாள் அந்தக் கொக்கி மணிக்கட்டும் நழுவியிருக்கலாம், வளைவில் நடந்துபோன பெண்கள் செத்திருக்கலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பதால் அவர் மீதான என் கோபம் குறையவில்லை.

சாதிக் துபாய் போனார். அதன் பிறகு அந்த ஜீப்பை யாரும் சரியாக எடுக்கவில்லை. வேறு டிரைவர்கள் வந்தார்கள், ஸ்டீரிங் கனக்கிறது என்று போனார்கள். குட்டையில் நோய் விழுந்து இறால்கள் வெள்ளைப் புள்ளியோடு மிதந்த வருடம், ஷெட் கதவு மூடப்பட்டது. அப்பாவின் காவல் வேலையும் அதோடு போனது. நேராக்கப்பட்ட ஸ்டீரிங்கோடு ஜீப் இருட்டில் நின்றது.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அதைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். தள்ளிக்கொண்டு போய் லாரியில் ஏற்ற வேண்டும், சந்து குறுகல், யாராவது உட்கார்ந்து ஸ்டீரிங் பிடிக்க வேண்டும். ஹாஜியார் படுக்கையில் இருந்தார். கலியபெருமாளைக் கூப்பிடுங்கள் என்று அவர்தான் சொன்னாராம். அப்பா போனார், விடுமுறையில் வந்திருந்த நானும் போனேன். தட்டையாகிப்போன டயர்களோடு, நாலைந்து பேர் பின்னால் தோள் கொடுத்துத் தள்ள, அப்பா அந்த வண்டியைச் சந்தில் கொண்டுவந்தார். தள்ளுகிற வண்டிக்குக் கியர் தேவையில்லை. அவருடைய இடது கை வளையத்தை விடவே இல்லை. ஒரு சுவரையும் உரசாமல், ஒரு வாசற்படியையும் இடிக்காமல் லாரியின் பலகை வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினார். "நல்லா ஒடிச்சீங்க பெரியவரே, டிரைவரா?" என்று லாரிக்காரர் கேட்டார். "இல்ல" என்றார் அப்பா.

இன்று அந்த ஷெட் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. ஹாஜியாரும் அவர் மனைவியும் இல்லை; வீடு பூட்டிக் கிடக்கிறது. குட்டைகள் தூர்ந்து கருவேல முள் மண்டிவிட்டன. அந்தப் பாதைக்குத் தார் போட்டுவிட்டார்கள், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இனி அங்கே தேவையில்லை. பஸ் நின்ற அந்த வளைவில் வேகத்தடை வந்திருக்கிறது. நான் ஆசிரியையாக இருக்கிறேன். காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் வாடகை வீடு. என் சம்பளத்தில் வாங்கிய ஒரு பழைய சிறிய கார் இருக்கிறது. அதன் ஸ்டீரிங்கை ஒரு விரலால் திருப்பலாம், கியரைத் தானே மாற்றிக்கொள்கிறது. அம்மாவையும் அப்பாவையும் அதில் அம்பகரத்தூருக்கு அழைத்துப் போகிறேன்.

வாங்கிய அன்று, வெறிச்சென்றிருந்த கடற்கரைச் சாலையில் நிறுத்தி, "நீங்க கொஞ்ச தூரம் ஓட்டுங்கப்பா, இதுக்கு ஒரு கை போதும்" என்றேன். அவர் காரைச் சுற்றி வந்து, கண்ணாடி வழியாக உள்ளே வெகு நேரம் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முன்னால் வந்து உட்காரக்கூட மாட்டேன் என்கிறார். ஏனென்று கேட்டால், "முன்னாடி உக்காந்தா கை சும்மா இருக்காது பாப்பா" என்கிறார். எங்கே போனாலும் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது.